கலைப் பக்கத்தில் வெட்டிய ஒரு வரி

வாசகர் கேள்வி: "அக்கா, எனக்கு 27 வயது. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். பகலில் இ-சேவை மையத்தில் வேலை, மீதி நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். இதுவரை ஆறு கட்டுரை வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துத் தப்பாட்டக் குழு ஒன்றைப் பற்றி எழுதப் போனபோது மூத்த கலைஞர் ஒருவர், 'திருவிழாவுக்கு நாங்கதான் அடிக்கிறோம், சாப்பாடு மட்டும் மண்டபத்துக்குப் பின்னாடி' என்றார். அதை எழுதினேன். 'இது கலைப் பக்கம், அதெல்லாம் இங்கே வேண்டாம்' என்று ஆசிரியர் அந்த வரியை எடுத்துவிட்டார். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி இன்னொரு இடத்துக்கு எழுதி அனுப்பினால், 'இதற்கெல்லாம் சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் கலையே எழுதுங்கள்' என்கிறார்கள். இரண்டில் ஒன்றைப் பிடித்தால்தான் பெயர் எடுக்க முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை விடுவது? பணமும் ஒழுங்காக வருவதில்லை. இன்னொன்று: கட்டுரை வந்த பிறகு அந்தப் பெரியவர் போன் செய்து, 'நல்ல வேளை பாப்பா, அந்தச் சாப்பாட்டு விஷயம் வரல' என்றார். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. என் பெயரும் ஊரும் வேண்டாம்."

அன்புள்ள தங்கைக்கு,

எதையும் விட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குள் நின்றது கடைசியில் வருகிற அந்த போன்தான். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

பெரியவர் அந்த விஷயத்தை உங்களிடம்தான் சொன்னார், பத்திரிகைக்காகச் சொல்லவில்லை. வெயிலில் அவ்வளவு தூரம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்து, மூன்று மணி நேரம் காது கொடுத்துக் கேட்ட பெண்ணிடம் வாய் திறந்து சொன்னது அது. அது அச்சில் வந்தால் மறுநாள் காலை அவர் வாசலில் யார் வந்து நிற்பார்கள், அடுத்த திருவிழாவுக்கு அட்வான்ஸ் வருமா, மகனை நடவுக்கும் களத்துக்கும் கூப்பிடுவார்களா, எல்லாம் அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், நீங்களும் அந்த மண்தான். ஆனால் எழுதுகிற வேகத்தில் அதை அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். ஆசிரியர் தப்பான காரணத்துக்காக அந்த வரியை எடுத்தார். அது பெரியவரைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவறை நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிற நேரம், மன்னார்குடிப் பக்கம் ஒரு கிடையிலிருந்து பத்துப் பதினோரு வயதுப் பையன் ஒருவனை மீட்டார்கள். அப்பா வாங்கிய கடனுக்காக ஆடு மேய்க்க விடப்பட்ட பிள்ளை. பெயரை மாற்றினேன், படத்தில் முகத்தை மறைத்தேன், எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நம்பினேன். படத்தில் அவனுக்குப் பின்னால், அவன் தெருமுனையில் இருந்த கோயில் வளைவில் ஊர்ப் பெயர் பாதி தெரிந்தது. கடன் கொடுத்தவரின் ஆள் அடுத்த வாரமே அந்த வீட்டுக்குப் போய்விட்டான். அந்த அம்மா எனக்கு போன் செய்து திட்டவில்லை, அழவும் இல்லை, "படத்தை எடுத்துட முடியுமாம்மா" என்று மட்டும் கேட்டார். அச்சான படத்தை எங்கிருந்து எடுப்பது? குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டிக்கொடுக்கிற வேறு எந்த விவரமும் வரக்கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது, இப்போதைய 2015 சட்டத்தில் அது 74-வது பிரிவு. போக்சோ வழக்கென்றால் அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவும் அதையே சொல்கிறது. அந்த "வேறு எந்த விவரமும்" என்பதற்குள் கோயில் வளைவு வரும், தெருக்குழாய் வரும், பள்ளிச் சீருடையின் நிறம் வரும். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

அதிலிருந்து நான் இரண்டு தடவை கேட்கிறேன். பேசும்போது ஒரு தடவை. எழுதி முடித்த பிறகு, அவரைப் பற்றிய பத்தியை அவருக்கே வாசித்துக் காட்டி, "இது பேப்பர்ல வந்தா உங்க தெருவுல என்ன நடக்கும்?" என்று இன்னொரு தடவை. "போடலாமா" என்று கேட்டால் மரியாதைக்காகச் சரி என்றுவிடுவார்கள். "என்ன நடக்கும்" என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்கள், சில சமயம் நாம் நினைத்துக்கூடப் பார்க்காத ஆபத்தைச் சொல்வார்கள். முழுக் கட்டுரையையும் காட்ட வேண்டியதில்லை, அடுத்த தரப்பு சொன்னதைக் காட்டவே கூடாது. அவர் சொன்னது, அவரைப் பற்றியது, அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கலை ஒரு பக்கம், உரிமை ஒரு பக்கம் என்பது பத்திரிகை அலுவலகத்தில் மேசையைப் பிரித்த கணக்கு. நம் ஊரில் அப்படிப் பிரியாது. திருவையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம் ஆராதனைக்குப் போய்க் கீர்த்தனையைக் கேட்டு நூறு பேர் எழுதுகிறார்கள். தியாகராஜர் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்த காலத்தில், தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1920-களில் அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். அவர் எழுப்பிய அந்த இடத்தில் ஆராதனை நடத்திய வித்வான் கோஷ்டிகள் பெண்களைப் பாட விடவில்லை. அவர் பெண்களைத் திரட்டிக்கொண்டு தனியாக ஆராதனை நடத்தினார். கோஷ்டிகளெல்லாம் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து நடக்கும் ஆராதனையாக மாற 1940-களின் தொடக்கம் வரை ஆனது. இதை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்? அதே காலத்தில், அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர்க்காரர், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமே ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. ஒருவர் அந்தக் கலை தந்த தலைநிமிர்வோடு நின்று உரிமை கேட்டார். இன்னொருவர் அந்தக் கட்டிலிருந்து பெண்களை வெளியே கொண்டுவரப் பாடுபட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து நாட்டியத்தைப் பற்றி எழுத வருகிறவர் இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவரை மட்டும் தெரிந்தவர் எழுதினால் கட்டுரை பாதிதான் நிற்கும்.

உங்கள் தப்பாட்டத்துக்கு வருவோம், அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நீடாமங்கலம் பக்கம் ஒரு கோயில் திருவிழா, சித்திரை மாசம், ராத்திரி எட்டு மணி இருக்கும். குழுவில் ஏழு பேர். வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் தப்பைக் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் தோலில் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், இன்னும் ஒரு சுற்று தீயில் காட்டுவார். மறுபடி ஒரு தட்டு. நான்காவது தடவைதான் முகம் தெளிந்தது. இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. அடி ஆரம்பித்ததும் எதிரில் நின்ற சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஆட ஆரம்பித்துவிட்டார்கள், கையில் திருநீற்றுத் தட்டோடு நின்றவரின் காலும் தன்னால் தாளம் போட்டது. சாமி புறப்பட்டது. இரண்டு தெரு போனதும் குழு ஒரு முனையில் நின்றுவிட்டது. சாமி அடுத்த தெருவுக்குள் போகிறது, நாதசுரம் போகிறது, கேரளாவிலிருந்து வந்த செண்டை மேளம் போகிறது, தப்பு மட்டும் முனையிலேயே நிற்கிறது. யாரும் தடுக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. மூத்தவர் தப்பைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். சாமி சுற்றி வந்ததும் மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த இருபது நிமிஷத்தை எந்தக் கலை விமர்சகரும் எழுதவில்லை, ஏனென்றால் அப்போது அடி இல்லை. உரிமைச் செய்தி எழுத வருபவரும் எழுத மாட்டார், ஏனென்றால் புகாரும் இல்லை, எஃப்.ஐ.ஆரும் இல்லை. ஆட்டத்தை முதலிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அடி எங்கே நின்றது என்று தெரியும். உங்களுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கலையைத் தெரிந்துகொள்ள ராகம் தாளம் முழுக்கப் படிக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் கவனமாகக் கேட்கப் பழக வேண்டும். தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டும் கூடு எப்படிச் செய்கிறார்கள், இடது கைக் குச்சி ஏன் பூவரசங் கட்டையில் செய்கிறார்கள், சாமி புறப்படும்போது ஏன் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வருகிறது என்றெல்லாம் தெரிந்து போய் உட்கார்ந்தால் அவர்கள் பேசும் விதமே மாறும். "இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியுது" என்று ஒரு பார்வை வரும். அதற்கப்புறம்தான் பந்தியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் வாய் திறப்பார்கள்.

இன்னொன்று, இப்போது எல்லா இடத்திலும் பேப்பர் கப் வந்துவிட்டதால் இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள், யார் நின்றுகொண்டு, குடித்த கப்பை எல்லாம் கடைசியில் யார் பொறுக்குகிறார்கள் என்று பாருங்கள். கச்சேரிப் பணத்தைப் பற்றிக் கேட்பதற்கும் கூச்சப்படாதீர்கள். நாதசுரம் செட்டுக்கு எவ்வளவு, தப்புக்கு எவ்வளவு, வெளியூர் செண்டைக்கு எவ்வளவு, பேசி முடிப்பது யார், அட்வான்ஸ் உண்டா, வண்டி வாடகை யார் கொடுக்கிறார்கள், தங்க இடம் உண்டா, மழை வந்து நின்றுபோனால் பாக்கிப் பணம் வருமா, பெண்கள் ஆடுகிற குழு என்றால் உடை மாற்ற ஓர் அறை கொடுக்கிறார்களா. இத்தனைக்கும் பதில் வாங்கிவிட்டால் அது முழுக் கலைக் கட்டுரை. எல்லாப் பதிலும் எண்களாகவோ ஆமாம், இல்லை என்றோ வரும், ஆசிரியரும் கருத்து என்று சொல்லி வெட்ட முடியாது.

ஒரு வேண்டுகோள். "அழிந்து வரும் கலை" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால் காலம் மாறிவிட்டது, யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது. நரசிங்கன்பேட்டைக்குப் போனால் நாதசுரம் செய்கிறவர் ஆச்சா மரம் பற்றிச் சொல்வார், பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட கட்டையைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். அந்த நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல சேதிதான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாதசுரத்துக்கு என்ன விலை, இப்போது என்ன விலை, கூடிய பணம் யார் கைக்குப் போகிறது, மரம் எவ்வளவுக்கு வாங்குகிறார், மகன் பட்டறையில் உட்காருகிறானா திருப்பூருக்குப் போய்விட்டானா என்று கேளுங்கள். ஒரு கலை குறைந்துபோகிறது என்றால் அதற்குப் பின்னால் கூலி இருக்கும், மரம் இருக்கும், சாதி இருக்கும், படிப்பு இருக்கும். அவற்றை எழுதுங்கள்.

இனி, சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற பேச்சு. எந்தப் படிப்பும் இல்லாமல் இதைக் கற்றுக்கொள்ள முடியும், ஆனால் கற்றுக்கொண்டே தீர வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். நீங்கள் கொத்தடிமை பற்றி எழுதினீர்கள். 1976 சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் கிடையாது, வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. மீட்டதும் விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை. அதற்கு மேல் மறுவாழ்வுத் தொகையாக ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிக மோசமான சுரண்டல் என்றால் 3 லட்சம் என்று திட்டம் இருக்கிறது, ஆனால் முழுத் தொகையும் கைக்கு வருவது வழக்கில் தண்டனை கிடைப்பதோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது. இப்போது அந்தக் குடும்பத்தின் வீட்டில் போய் உட்காருங்கள். கூரையில் செருகிய பிளாஸ்டிக் பையை எடுப்பார்கள், அதற்குள் ரேஷன் கார்டோடு அந்தச் சான்றிதழும் இருக்கும், அநேகமாக லேமினேஷன் போட்டிருப்பார்கள். அதில் தேதி இருக்கும். பக்கத்திலேயே பாங்க் பாஸ்புக். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சான்றிதழுக்கும் பணத்துக்கும் நடுவில் எத்தனை மாதம், எத்தனை வருடம், அந்த இடைவெளியில் அவர்கள் வேறு யாரிடம் முன்பணம் வாங்கினார்கள். மீட்ட அன்றைக்கு எல்லோரும் போய் எழுதுகிறார்கள், தாசில்தாரோடு நின்று படம் எடுக்கிறார்கள். மூன்றாவது வருடம் யாரும் போவதில்லை. நீங்கள் போங்கள்.

சாதி வன்கொடுமை என்றால், வழக்கை விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். இந்த மூன்றையும் சரிபார்த்தாலே பாதிச் செய்தி கையில் வந்துவிடும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் குழுவின் கடந்த இரண்டு வருடக் கூட்டங்களின் தேதியையும் நடவடிக்கைக் குறிப்பையும் கேட்டு தகவல் அறியும் உரிமை (ஆர்.டி.ஐ.) மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. உங்கள் தப்பாட்டக்காரர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது பிணம் சுமக்கவும், செத்த மாடு தூக்கவும், குழி வெட்டவும் வற்புறுத்துவதையும், சமூகமாகவும் பொருளாதாரமாகவும் ஒதுக்கி வைப்பதையும் குற்றமாகச் சேர்த்தார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம், மேடையில் மட்டும் அடிப்போம் என்று ஒரு தெரு முடிவெடுத்தால் சில ஊரில் கடையில் சாமான் தர மாட்டார்கள், வயல் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அது ஊர் வழக்கம் என்று உங்களிடம் சொல்வார்கள். சட்டத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் அடுத்த கேள்வியைக் கேட்பீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும், அதையும் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் புகார் எழுதிக் கொடுப்பது நம் வேலை கிடையாது. இலவச சட்ட உதவி மையம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது என்று வழி சொல்லலாம்.

தீர்ப்புகளையும் மூலத்திலேயே படியுங்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள், கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்ட தலித் தெருவின் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுவித்தபோது, இவ்வளவு பெரிய பணக்காரர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற விதமாக எழுதியிருந்தது. அந்த வாதத்தை ஒருவர் சொல்லிக் கேட்பதற்கும் தீர்ப்பின் சொற்களிலேயே படிப்பதற்கும் இருக்கிற வித்தியாசம் பெரியது. இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த மைதிலி சிவராமன் அந்தச் சமயத்தில் நேரில் போய், மக்களிடம் உட்கார்ந்து கேட்டு, கூலிக் கணக்கையும் நிலக் கணக்கையும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கதையையும் சேர்த்து எழுதினார். எரிந்த குடிசையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதனால்தான் ஐம்பது வருடம் கழித்தும் வெண்மணி பற்றிப் பேசுகிறவர்கள் அவர் எழுதியதைத் தேடிப் போகிறார்கள்.

உங்கள் இ-சேவை வேலை பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு எல்லாம் எப்படி நகர்கிறது, எந்த மேசையில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பட்டணத்து நிருபர்கள் ஒரு வருடம் அலைந்தாலும் அந்த அறிவு வராது. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் உங்களை நம்பி ஆதாரை நீட்டுகிறார், செய்தியாளரை நம்பி நீட்டவில்லை. அங்கே கண்ணில் பட்ட பெயர், எண், மனு எதையும் கட்டுரைக்குத் தொடாதீர்கள். விவரம் வேண்டுமென்றால் வேலை நேரம் முடிந்து, அவர் வீட்டுக்குப் போய், "நான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்" என்று சொல்லி, புதிதாகக் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். இதில் ஒரு தடவை சறுக்கினால் வேலையும் போகும், ஊரில் முகமும் போகும்.

பணம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இது முழுதாகச் சரியாகவில்லை. ஒரு பத்திரிகை என் கட்டுரைக்கு 14 மாதம் கழித்துப் பணம் தந்தது, அதுவும் பாதி. அதிலிருந்து எழுதுவதற்கு முன்பே எத்தனை சொல், எவ்வளவு பணம், என்றைக்குத் தருவார்கள், வண்டிச் செலவு உண்டா என்று மெயிலில் வாங்கிக்கொள்கிறேன். போனில் பேசினாலும் "நாம் பேசியபடி" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுவேன். தனியாக எழுதித் தருகிறவர் எழுத்துக்கு உரிமை அவருக்கே, எழுத்துப்பூர்வமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான். ஆகவே படிவம் அனுப்பினால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு அனுப்பினால், வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இ-சேவை வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். மாதாமாதம் ஒரு தொகை வருவது தெரிந்தால்தான், ஒரு பெரிய மனிதர் காரில் ஏற்றிக் கூட்டிப்போகிறேன் என்று கூப்பிடும்போது வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்ல முடியும்.

தனியாகப் போகும்போது எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும், அதில் ஒருவர் வீட்டு ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது, வீட்டில் பயப்படுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடமும் கேளுங்கள், கட்டாயம். அவர் பதில் சொல்ல மறுத்தால் மறுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், அவதூறு வழக்கு என்று வந்தால் அந்த நோட்டுதான் பேசும். அசல் ஒலிப்பதிவை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

நிபுணர் என்று எப்போது போட்டுக்கொள்ளலாம் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. நான் என் பெயருக்குக் கீழே மனித உரிமையும் கலையும் என்று சேர்த்துப் போட்டுக்கொண்டது பத்து வருடம் எழுதிய பிறகு. அப்போதுகூட இரண்டு துறையும் தெரியும் என்ற நம்பிக்கையில் போடவில்லை. வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஒரு முப்பது ஊர்கள் எனக்குத் தெரியும், எந்த ஊரில் தேர் எந்தத் தெருவுக்குப் போகாது, எந்த ஊரில் சுடுகாட்டுப் பாதை வாய்க்காலோடு முடிகிறது, எந்த ஊர்த் தவில்காரர் பையன் இப்போது திருவையாறு இசைக் கல்லூரியில் படிக்கிறான் என்று தெரியும், அதனால் போட்டேன். உங்களுக்கும் ஏற்கனவே ஆறேழு ஊர் தெரிந்திருக்கும். டெல்டா முழுக்க ஓடாதீர்கள். அந்த ஆறேழு ஊருக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். குறுவை நடவுக்கு ஒரு தடவை, சம்பா அறுப்புக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு ஒரு தடவை என்று, கட்டுரை எதுவும் கையில் இல்லாதபோதும் போய்விட்டு வாருங்கள்.

கடைசியாக அந்தப் பெரியவர். இந்த வாரமே போங்கள், பேனா நோட்டு எடுக்காமல் போங்கள். பத்திரிகைப் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுங்கள், அவர் கொண்டாடி மடித்து வைப்பார். கேட்காமல் எழுதிவிட்டேன், தப்புதான் ஐயா என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பெயர் இருக்கிறதா, அட்டை வாங்கியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் எங்கே போய்ப் பதிய வேண்டும் என்று சொல்லுங்கள், அதை எழுதுவதற்காகச் செய்யாதீர்கள். பந்தி விஷயத்தைத் திரும்ப அவரிடம் எடுக்க வேண்டாம். அதே சாப்பாட்டுக் கேள்வியை அக்கம்பக்கத்தில் பத்துக் குழுவிடம் கேளுங்கள், தப்பு மட்டுமல்ல, நாதசுரம், கரகம், பொய்க்கால் குதிரை எல்லாரிடமும். பத்து ஊர், பத்துப் பந்தி என்று வந்த பிறகு எந்த ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் எழுத முடியும். எழுதியதும் அதே கலைப் பக்கத்து ஆசிரியருக்கே முதலில் அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் எனக்கு எழுதுங்கள், எங்கே அனுப்பலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா